கால் பணத்து ரயில், முக்கால் பணத்துத் தண்டவாளம்

மாதிரி ரயில் ஓட்டும் பொழுதுபோக்குக்குள் நுழைய எவ்வளவு செலவாகும்? அட்டைப்பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் விலையை மட்டும் பார்த்து இறங்கியவர்கள் பலர்.

பிரிட்டனில் ஒரு பொம்மைக் கடைக்குப் போய் ஹார்ன்பி ரயில் செட் கேட்டால், நீளமான அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து முன்னால் வைப்பார்கள். உள்ளே ஒரு என்ஜின் இருக்கும். அதன் பின்னால் மாட்ட இரண்டு மூன்று பெட்டிகள், வட்டமாகவோ நீள்வட்டமாகவோ கோர்த்துக்கொள்ளத் தண்டவாளத் துண்டுகள், வேகத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகு வைத்த கன்ட்ரோலர். விலை சுமார் 100 பவுண்டில் ஆரம்பிக்கும். பெயர்பெற்ற என்ஜின் உள்ள செட்டானால் 250-ஐத் தொடும். நம் பணத்தில் பத்தாயிரத்துச் சொச்சத்திலிருந்து முப்பதாயிரம் வரை. சுமாரான ஒரு செல்போன் வாங்கும் காசு. பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்துவிடலாம்.

வீட்டுக்கு வந்து தரையில் கோர்த்து ஓடவிடுகிறார்கள். ஹார்ன்பி செட்டில் வரும் வழக்கமான வளைவின் ஆரம் 438 மில்லிமீட்டர். எட்டுத் துண்டு சேர்ந்தால் முழு வட்டம். சுற்றளவு மூன்று மீட்டருக்கும் குறைவு. சில வினாடிகளில் ரயில் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும். மறுபடி போகும், மறுபடி வரும். பத்து நிமிடம் கழித்துப் பிள்ளை நிமிர்ந்து பார்த்து, "அப்புறம்?" என்று கேட்கும். பக்கத்தில் குந்தியிருக்கும் அப்பாவுக்கும் அதே கேள்விதான்.

இந்தப் பொழுதுபோக்கின் உண்மையான செலவு அந்த "அப்புறம்?" என்ற இடத்தில்தான் தொடங்குகிறது. அட்டைப்பெட்டியின் விலை வெறும் நுழைவுக் கட்டணம்.

தகரச் சட்டி விற்ற வீடு

அந்தக் கேள்வியை வியாபாரமாக மாற்றியவர்கள் ஜெர்மனியின் மேர்க்லின் குடும்பத்தார். கோப்பிங்கன் ஊரில் தகரவேலை செய்துகொண்டிருந்த தியோடர் மேர்க்லின் 1859-இல் பொம்மை வீடுகளுக்கான சமையல் பாத்திரங்களைச் செய்து விற்க ஆரம்பித்தார். 1866-இல் அவர் இறந்துபோனார். மனைவி கரோலின் கடையை மூடவில்லை. சரக்கு மாதிரிகளை எடுத்துக்கொண்டு தெற்கு ஜெர்மனி, சுவிட்சர்லாந்து என்று ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடித்தார். ஒரு பெண் விற்பனைப் பிரதிநிதியாகத் தனியே ஊர் சுற்றுவது கேள்விப்படாத காலம் அது.

பொம்மை வீடு விற்பவர்களுக்கு ஒரு சூட்சுமம் தெரியும். இந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு அடுப்பு வாங்கினால், அடுத்த வருடம் அடுப்பின் மேல் வைக்கச் சட்டி வேண்டும். அதற்கடுத்த வருடம் சட்டிகளை அடுக்க அலமாரி வேண்டும். கரோலினின் மகன்கள் இந்தச் சூட்சுமத்தை ரயிலுக்குக் கொண்டுவந்தார்கள். 1891-இல் லைப்சிக் வசந்தகாலச் சந்தையில் எட்டு வடிவத்தில் வளைந்தோடும் தண்டவாளத்தோடு ஒரு பொம்மை ரயிலை வைத்தார்கள். சாவி கொடுத்து ஓடும் ரயில் அதற்கு முன்பும் உண்டு. புதுசு எதுவென்றால், தண்டவாள அகலத்துக்கு நிலையான அளவுகளை வகுத்து, எண் போட்டு, இன்று வாங்கிய துண்டோடு அடுத்த வருடம் வாங்கும் துண்டும் பொருந்தும்படி செய்ததுதான். வாடிக்கையாளருக்கு அது வசதி. கடைக்காரருக்கு அது ஆயுள் சந்தா.

அமெரிக்காவில் இன்னும் வேடிக்கை. 1900-இல் லயனல் நிறுவனத்தைத் தொடங்கிய ஜோஷுவா லயனல் கோவன், கடை வாசலில் ஆட்களை நிறுத்துவதற்காகக் கண்ணாடி ஜன்னலுக்குள் ஓடும் மின்சார வண்டி ஒன்றைச் செய்து கொடுத்தார். விளம்பரத்துக்கு வைத்த அந்த வண்டியையே வாடிக்கையாளர்கள் விலை கேட்டார்கள் என்பது அந்த நிறுவனத்தின் பிறப்புக் கதை.

இன்றைக்கும் கணக்கு மாறவில்லை. வட்டத்தை விட்டு ரயில் வெளியே போக ஒரு பாயிண்ட் வேண்டும். சுமார் 15 முதல் 25 பவுண்டு. கையால் தள்ளாமல் ஸ்விட்சில் மாற்ற அதற்கொரு மோட்டார். இன்னொரு சரக்கு வேகன் புதிதாக வாங்கினால் 25-க்கு மேல், பயணிகள் பெட்டி 50-க்கு மேல். ஒரு ஸ்டேஷன் கட்டடம், ஒரு பாலம், பிளாட்பாரத்தில் நிற்க இரண்டு சென்டிமீட்டர் மனிதர்கள். அதற்குள் ஒரு சிக்கல் முளைக்கும். பழைய முறையில் தண்டவாளத்தில் பாயும் மின்சாரமே என்ஜினை ஓட்டுகிறது. ஒரே தண்டவாளத்தில் இரண்டு என்ஜின் நின்றால் இரண்டும் சேர்ந்தே கிளம்பும். தனித்தனியே ஓட்டத் தண்டவாளத்தைப் பகுதி பகுதியாக வெட்டி ஸ்விட்ச் வைக்க வேண்டும். அல்லது டிஜிட்டலுக்கு மாற வேண்டும்.

டிஜிட்டலில் ஒவ்வொரு என்ஜினுக்குள்ளும் டீகோடர் என்ற சில்லு உட்கார்ந்துகொள்ளும். அதற்கென்று ஒரு எண். கன்ட்ரோலரில் எந்த எண்ணை அழுத்துகிறோமோ அந்த என்ஜின் மட்டும் கேட்கும். சாதாரண டீகோடர் 25 பவுண்டிலிருந்து. நீராவிச் சத்தமும் விசிலும் தருவதானால் 100-ஐத் தாண்டும். ஏற்கெனவே முப்பது என்ஜின் வைத்திருப்பவர் முப்பதால் பெருக்கிப் பார்த்துவிட்டு, பழைய ஸ்விட்சுகளே தேவலை என்று திரும்பி வந்துவிடுவதும் உண்டு.

சுருங்கிய ரயில்

மாதிரி ரயில்களின் அளவுகளைப் படித்தால் அந்தந்த நாட்டு வீடுகளின் அளவு தெரியும். மேர்க்லின் முதலில் வகுத்த அளவுகள் பெரிய கூடங்களுக்கானவை. ஃப்ராங்க் ஹார்ன்பி 1920-இல் லிவர்பூலில் கொண்டுவந்த தகர ரயிலின் தண்டவாள அகலம் 32 மில்லிமீட்டர். வீட்டாரின் கால் படாமல் அதை ஓட்டவே ஒரு அறை வேண்டும். 1930களில் மேசைமேல் அடங்கும்படி அகலம் 16.5 மில்லிமீட்டராக, ஏறக்குறையப் பாதியானது. மேர்க்லின் நிறுவனம் 1935-இலும், ஹார்ன்பி நிறுவனம் 1938-இலும் அந்த அளவுக்கு வந்தன. நிஜத்தில் எண்பத்தேழில் ஒரு பங்கு. உலகில் மிகுதியாக விற்பது இன்றும் இந்த ஹெச்ஓ அளவுதான்.

பிரிட்டன் மட்டும் இங்கே ஒரு கோணல் வழி போனது. அந்நாட்டு என்ஜின்கள் ஐரோப்பிய என்ஜின்களைவிடச் சிறியவை. எண்பத்தேழில் ஒன்றாகக் குறைத்தால் அன்றைய மோட்டார் உள்ளே நுழையாது. அதனால் என்ஜினை மட்டும் எழுபத்தாறில் ஒன்றாகக் கொஞ்சம் பெரிதாகச் செய்து, அதே 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஏற்றினார்கள். ஓஓ என்ற அந்த அளவில் தண்டவாளம் உண்மையில் 18.83 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இரண்டே கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேலான வித்தியாசம் பெரும்பாலோர் கண்ணில் படாது. பட்டுவிட்டவர்களுக்கு நிம்மதி இல்லை. வாங்கிய ஒவ்வொரு வண்டியிலும் சக்கரத்தைக் கழற்றி, அச்சை அகலமாக்கி, தண்டவாளத்தையும் கட்டை கட்டையாகக் கையால் பதித்து 18.83-க்கு மாறியவர்களின் சங்கங்கள் பிரிட்டனில் இருக்கின்றன. அவர்கள் செலவழிப்பதில் காசைவிட வருடங்கள் அதிகம். என் கணக்கில் இந்தப் பொழுதுபோக்கின் உச்சகட்டச் செலவாளிகள் அவர்கள்தான்.

ஜப்பானில் வீடுகள் இன்னும் நெருக்கம். காட்டோ நிறுவனம் 1965-இல் 9 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தில் 'என்' (N) கேஜ் ரயிலைக் கொண்டுவந்தது. ஜப்பானின் பொழுதுபோக்கே அந்த அளவுக்கு மாறிப்போனது. மேர்க்லின் 1972-இல் 6.5 மில்லிமீட்டருக்கு இறங்கியது. தும்மினால் தடம்புரளும் என்று கிண்டல் செய்வார்கள். ஹார்ன்பியும் 2022-இல் 12 மில்லிமீட்டர் அளவில் ஒரு புதிய வரிசையைத் தொடங்கியது. இன்றைய இளம் குடும்பங்களின் பிளாட்டுகளில் பழைய அளவுக்கு இடம் இல்லை என்பது வெளிப்படை.

இடக் கணக்கை நம்மூர் ரயிலை வைத்தே போட்டுப் பார்க்கலாம். 24 மீட்டர் நீளமுள்ள எல்ஹெச்பி பெட்டி ஹெச்ஓ அளவில் சுமார் 27.5 சென்டிமீட்டர். 22 பெட்டி கோர்த்தால் என்ஜின் சேர்க்காமலே ஆறு மீட்டர். அந்த ரயில் நிற்கப் பிளாட்பாரம் ஆறு மீட்டர், முன்னும் பின்னும் பாயிண்டுகள், திரும்ப வளைவு. மண்டபம் பிடிக்க வேண்டும். 'என்' (N) அளவிலும் மூன்று மீட்டருக்கு மேல் போகும். அதனால்தான் உலகெங்கும் மாதிரி ரயில்கள் நாலைந்து பெட்டியோடு ஓடுகின்றன. பிரிட்டனில் பரண், ஜெர்மனியில் நிலவறை, அமெரிக்காவில் பேஸ்மென்ட் என்று வீட்டில் யாரும் உரிமை கொண்டாடாத இடத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். அமெரிக்க ஆரம்பநிலை வரைபடங்கள் பலவும் எட்டுக்கு நாலு ப்ளைவுட் பலகைக்குள் அடங்கும்படி போடப்பட்டிருப்பதன் காரணம், மரக்கடையில் அந்த அளவில் பலகை கிடைக்கிறது என்பதுதான்.

ஜப்பான்காரர்கள் இதற்குக் கண்டுபிடித்த வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் தண்டவாளக் கடைகள் அங்கே உண்டு. மலை, ஊர், பல லைன் எல்லாம் அவர்களே கட்டி வைத்திருப்பார்கள். நம் ரயிலைப் பெட்டியில் கொண்டுபோய், சில நூறு யென்னிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் யென் கொடுத்து ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வரலாம். ரயில் இல்லாதவர்களுக்கு அதையும் வாடகைக்குத் தரும் கடைகள் இருக்கின்றன. வேலை முடிந்த சட்டையோடு, அலுவலகப் பையோடு வந்து ஓட்டிவிட்டுப் போகலாம்.

ஒரு என்ஜின் ஏன் 200 பவுண்டு?

செட்டோடு வரும் எளிய என்ஜினை விட்டுவிட்டு, தனியாக ஒரு நல்ல நீராவி என்ஜின் வாங்கப் போனால் பிரிட்டனில் 180 முதல் 250 பவுண்டு ஆகும். மேர்க்லினில் 300 யூரோவிலிருந்து 600 வரை சர்வசாதாரணம். கைப்பிடியளவு பிளாஸ்டிக்குக்கு இவ்வளவா என்று கோபம் வரலாம்.

ஹார்ன்பி ரயில்கள் இங்கிலாந்தின் மார்கேட் ஊரில் தயாரான காலத்தில், என்ஜின் உடம்பு ஒரே வார்ப்பாக வரும். கைப்பிடிக் கம்பி, குழாய், ஏணி எல்லாம் அந்த வார்ப்பிலேயே புடைப்பாக இருக்கும். வாங்கியவர்கள் பிள்ளைகள், கீழே போட்டாலும் உடையாது. 1990களில் உற்பத்தி தென் சீனாவுக்குப் போனது. அங்கே கூலி குறைவாக இருந்ததால் கைப்பிடிக் கம்பியைத் தனிக் கம்பியாக, குழாயைத் தனிக் குழாயாக ஒட்ட முடிந்தது. விலை ஏறாமல் நுணுக்கம் ஏறியது. வாங்குபவர்களின் கண் அதற்குப் பழகிவிட்டது. பிறகு குவாங்டாங்கில் கூலி உயர்ந்தது. நுணுக்கத்தைக் குறைக்க யாரும் சம்மதிக்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட சின்னஞ்சிறு பாகங்களை இன்னமும் கையால்தான் ஒட்டுகிறார்கள். பக்கவாட்டு எழுத்துகளை ஒவ்வொரு நிறமாக ரப்பர் மெத்தையால் ஒத்தி எடுக்கிறார்கள். எஃகு அச்சுகளுக்கு மட்டும் ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டிவிடுகிறது. அந்தச் செலவைப் பங்குபோட வாங்குவோர் சில ஆயிரம் பேர்தான்.

அந்தச் சில ஆயிரம் பேருக்கும் வயதாகிறது. மேர்க்லின் தன் 150-ஆவது ஆண்டான 2009-இல் திவாலாகி, 2013-இல் சிம்பா டிக்கி என்ற பொம்மைக் குழுமத்தின் கைக்குப் போனது. பிரிட்டனில் 1946-இலிருந்து நடந்த ஹாட்டன்ஸ் கடை 2024-இல் மூடுவதாக அறிவித்தது. பர்மிங்காமில் வருடந்தோறும் நடந்த வார்லி கண்காட்சி 2023-ஓடு நின்றுபோனது.

புதிதாக நுழைபவருக்கு இதில் ஒரு லாபம் ஒளிந்திருக்கிறது. சேர்த்து வைத்தவர்கள் ஒவ்வொருவராகப் போகப் போக, அவர்களுடைய பரண்கள் சந்தைக்கு வருகின்றன. கண்காட்சிகளின் பழைய சாமான் மேசைகளிலும் ஏலங்களிலும் பத்துப் பவுண்டுக்கு வேகனும், முப்பது நாற்பதுக்கு ஓடும் நிலையில் என்ஜினும் கிடைக்கும். ஆர்வலர்களிடையே நெடுநாளாகச் சுற்றும் நகைச்சுவை ஒன்று: "நான் செத்தபிறகு என் மனைவி இதையெல்லாம் நான் அவளிடம் சொன்ன விலைக்கே விற்றுவிடுவாளோ என்றுதான் பயம்."

பணம் ஒரு பொருட்டே இல்லாதவர்களும் உண்டு. பாடகர் ராட் ஸ்டூவர்ட் 23 வருடங்களாகக் கட்டிய அமெரிக்க நகரம் ஒன்றை 2019-இல் 'ரயில்வே மாடலர்' இதழில் வெளியிட்டார். கச்சேரிக்கு ஊர் ஊராகப் போகும்போது வானளாவிய கட்டடங்களின் பாகங்களை எடுத்துப்போய், ஓட்டலில் கூடுதலாக ஓர் அறை எடுத்து அங்கே கட்டுவாராம். அவரிடமும் கடையில் வாங்கிக் குவித்ததைவிடக் கையால் செய்ததே அதிகம்.

மூன்று சைடிங், எட்டு வேகன்

குறைந்த செலவில் இந்த உலகத்துக்குள் வர எனக்குத் தெரிந்த நல்ல வாசல், ஆலன் ரைட் என்ற பிரிட்டிஷ் ஆர்வலர் போட்ட ஒரு திட்டம். இங்கிள்நுக் சைடிங்ஸ் என்று பெயர். பெரிய வட்டம், மலை, சுரங்கம் எதுவும் கிடையாது. ஒரே லைன், இரண்டு பாயிண்ட் வைத்து அது மூன்றாகப் பிரியும். ஒன்றில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டில் மும்மூன்று. மறுகோடியில் என்ஜினும் மூன்று வேகனும் மட்டுமே அடங்கும் இடம். ஆட்டம் இதுதான்: எட்டு வேகனுக்கும் சீட்டு எழுதிக் குலுக்கி ஐந்தை எடுக்க வேண்டும். சீட்டு வந்த வரிசைப்படியே அந்த ஐந்தையும் கோர்த்து நிறுத்த வேண்டும். தள்ளி, இழுத்து, கழற்றி, மாட்டி, வேறு லைனில் ஒதுக்கி... விழுப்புரம் யார்டில் ஷண்டிங் பார்த்தவர்களுக்கு அந்தப் பொறுமை தெரியும். வரக்கூடிய வரிசைகள் 6,720. அப்பா "அப்புறம்?" என்று கேட்க நெடுநாள் ஆகும்.

செலவு? பலகை நாலடி நீளம், ஓரடி அகலம்; புத்தக அலமாரியின் மேல்தட்டு போதும். பழைய ஷண்டிங் என்ஜின் ஒன்று, பழைய வேகன் எட்டு, பாயிண்ட் இரண்டு, மூன்று கஜம் தண்டவாளம், கன்ட்ரோலர் ஒன்று. நிதானமாகத் தேடி வாங்கினால் 250 பவுண்டுக்குள் முடித்துவிடலாம். கண்ணாடிப் பெட்டியில் வைக்கிற ஒரே ஒரு எக்ஸ்பிரஸ் என்ஜினின் விலை அது. புல்லுக்குச் சாயம் போட்ட மரத்தூள், மண்ணுக்கு உலர்த்திய தேயிலைச் சக்கை. பிரிட்டிஷ் ஆர்வலர்கள் பல தலைமுறையாகச் செய்வது இதுதான்.

காசில்லாமல் செய்தவர்களில் வரலாறு படைத்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் எம்ஐடி கல்லூரியில் 1946-இல் தொடங்கிய மாதிரி ரயில் மன்றத்து மாணவர்கள், தொலைபேசி நிறுவனம் நன்கொடையாகக் கொடுத்த பழைய ரிலேக்களையும் ஸ்விட்சுகளையும் கொண்டு பலகைக்கு அடியில் ஒரு கட்டுப்பாட்டு அமைப்பைப் பின்னினார்கள். மேலே ஓடும் ரயிலைவிடக் கீழே ஓடும் வயரில் மயங்கியவர்கள் கல்லூரிக்குக் கணினி வந்ததும் அதன்மேல் பாய்ந்தார்கள். 'ஹேக்கர்' என்ற சொல்லின் இன்றைய பொருள் அந்த அறையிலிருந்து கிளம்பியதாகத்தான் ஸ்டீவன் லெவி தன் 1984-ஆம் ஆண்டுப் புத்தகத்தில் எழுதுகிறார்.

சுங்கச் சாவடி

இதுவரை சொன்ன விலைகளை நம் ஊருக்கு அப்படியே கொண்டுவர முடியாது. இந்தியச் சுங்க அட்டவணையில் பொம்மை, மூன்று சக்கர வண்டி, அளவு குறைத்த மாதிரிகள் எல்லாம் ஒரே தலைப்பில் வருகின்றன. இந்தத் தலைப்புக்கு 20 சதவீதமாக இருந்த அடிப்படை இறக்குமதி வரி 2020 பட்ஜெட்டில் 60 ஆனது. 2023-இல் 70 ஆனது. அதற்குமேல் ஜிஎஸ்டி, அதற்கும் முன்னால் விமானக் கட்டணம். 2021 ஜனவரியிலிருந்து பொம்மைகளுக்கு இந்தியத் தரச்சான்றும் கட்டாயம். மலிவான சீனப் பொம்மைகளைத் தடுக்கப் போட்ட வேலி இது. அந்த நோக்கத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் ஜெர்மனியிலிருந்து ஒற்றை என்ஜின் வரவழைக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் அதே வேலியில்தான் மாட்டிக்கொள்கிறார். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழிதான் இங்கே நினைவுக்கு வருகிறது.

வாங்க முடியாவிட்டால் பார்க்கலாம். புனே கோத்ருடில் ஜோஷி குடும்பத்தார் நடத்தும் மாதிரி ரயில் அருங்காட்சியகம் 1998 ஏப்ரலில் திறந்தது. ஒரு ஊரையே ஹெச்ஓ அளவில் கட்டி, தானாக இயங்கும் ரயில்களை ஓடவிடுகிறார்கள். நுழைவுச் சீட்டு வாங்கினால் போதும். ஹாம்பர்க்கில் 2001-இல் திறந்து இன்று 16 கிலோமீட்டர் தண்டவாளம் ஓடும் மினியேச்சர் வுண்டர்லாண்டுக்கு விமானம் ஏறுவதைவிட இது சல்லிசு.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. வரி கட்டி வரவழைத்தாலும் வருவது பவேரியாவின் ரயிலாகவோ பென்சில்வேனியாவின் ரயிலாகவோ இருக்கும். ஈரோடு ஷெட்டின் என்ஜினும், நீலப் பெட்டியும், வைகையும் பல்லவனும் எந்த வெளிநாட்டுப் பட்டியலிலும் வரிசையாகக் கிடைப்பதில்லை. நம் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். ஹெச்ஓ அளவில் 19 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் வரவேண்டும்; கடையில் கிடைக்கும் தண்டவாளமோ 16.5. பிரிட்டிஷ்காரர்களின் அதே கோணல் நமக்கும் வாய்த்திருக்கிறது.

அதனால் இங்குள்ள ஆர்வலர்கள் பலர் பொம்மைக் கடையில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் உள்ளூர் பேட்டரி ரயிலை வாங்கி, பெயிண்டைச் சுரண்டி, சக்கரத்தை மாற்றி, அதன்மேல் வேலை செய்கிறார்கள். இன்னும் சிலர் சன்போர்டு பலகையில் ஜன்னல் ஜன்னலாக வெட்டி ஒரு ஸ்லீப்பர் பெட்டியையே எழுப்புகிறார்கள். நெகிழிப் பசை, பிளேடு, ஃபெவிக்விக், ஸ்ப்ரே டப்பா, கம்ப்யூட்டர் சென்டரில் ஸ்டிக்கர் தாளில் அச்செடுத்த 'தெற்கு ரயில்வே' என்ற எழுத்து. மொத்தச் செலவு ஐந்நூறைத் தாண்டாது. மோட்டாரும் தண்டவாளமும் கன்ட்ரோலரும் மட்டும்தான் வாங்கியாக வேண்டும். அதற்கு வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரரின் சூட்கேஸில் இடம் கேட்டு வைப்பது நம் குடும்பங்களில் வழக்கமான ஏற்பாடு. புதிதாக இறங்குபவர் அவரிடம் சொல்ல வேண்டிய பட்டியல் சின்னது: இரண்டு பாயிண்ட், மூன்று கஜம் தண்டவாளம், பழசானாலும் பரவாயில்லை ஒரு ஷண்டிங் என்ஜின், 12 வோல்ட் கன்ட்ரோலர் ஒன்று. வேகன் எட்டையும் இங்கேயே வெட்டிக்கொள்ளலாம்.